பக்கத்து வண்டி செல்ஃப் எடுக்கவில்லை: உங்கள் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அழைப்பு என்றாவது ஒருநாள் வரும். "சார், வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. உங்க வண்டியிலேர்ந்து ஒரு ஜம்ப் கொடுக்க முடியுமா?" ஜம்ப் என்பது நம் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் கொடுத்து அவர் வண்டியைக் கிளப்புவது. கேட்பவருக்கு ஆபீஸ் போகிற அவசரம். நமக்கோ முடியாது என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் உதறல்: உதவப் போய் நம் வண்டியில் ஏதாவது எரிந்துவிட்டால்?

அந்த உதறலில் நியாயம் இருக்கிறது. ஜம்ப் ஸ்டார்ட் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பேட்டரி டவுன் ஆனவருக்காக எழுதுகிறார்கள். தப்பு நடந்தால் அவருக்குப் போவது ஏற்கெனவே போய்விட்ட ஒரு பேட்டரி. கொடுக்கிறவருக்குப் போவது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் ஆல்டர்னேட்டரோ (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம்) இசியுவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்). அதனால் இந்த ஒப்பீட்டைக் கொடுக்கிறவர் பக்கத்தில் நின்று செய்கிறேன். வழிகள் நான்கு: உங்கள் காரிலிருந்து கேபிள் போடுவது, கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி, தள்ளி ஸ்டார்ட் செய்வது, ஆளைக் கூப்பிடுவது. சார்ஜர் என்று ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அவசரத்துக்கு உதவாது என்பதால் கடைசியில் இரண்டு வரி.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, கொடுக்கிற வண்டிக்கு என்ன ஆபத்து. இரண்டாவது, வண்டி எங்கே நிற்கிறது: பேஸ்மென்ட்டில் சுவரைப் பார்த்து மூக்கை நுழைத்து நிறுத்திய காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரைக் கொண்டுபோகவே முடியாமல் போகலாம். மூன்றாவது நேரம். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. விலை என்பது இந்த நான்குக்கும் பிறகுதான் வருகிறது. ஐந்நூறு ரூபாய் கேபிளில் மிச்சம் பிடித்தவர் ஆல்டர்னேட்டருக்கு ஐந்திலக்கத்தில் பில் கட்ட நேரலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உண்மையிலேயே பேட்டரிதானா? சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் வந்து டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரி என்று நம்பலாம். விளக்குகள் பளிச்சென்று எரிந்து, செல்ஃப் மட்டும் சத்தமே இல்லாமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரோ ரிலேயோ கோளாறாக இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்து, கியர் பி-யிலோ நியூட்ரலிலோ இல்லாமல் நிற்கவும் கூடும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. அப்புறம் பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லூசாக ஆடினாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, பத்தாம் நம்பர் ஸ்பானரும் கொஞ்சம் வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். கேபிள் கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று சென்னைக்காரர்களுக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய மாதிரி தண்ணீர் ஏறி இறங்கிய வண்டி என்றால், யார் கெஞ்சினாலும் ஜம்ப் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுக்காத பாலிசியில் இந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும் வாய்ப்பே அதிகம். அந்த வண்டி டோ செய்யப்பட வேண்டிய வண்டி.

## வழி 1: உங்கள் காரிலிருந்து கேபிள்

வேகத்தில் இதற்கு இணையில்லை. பக்கத்தில் வண்டி, கையில் நல்ல கேபிள், செய்யத் தெரிந்த ஒருவர், மூன்றும் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எது நல்ல கேபிள் என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் சுற்றும்போது 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். 2.5 மீட்டர் கேபிள் என்றால் சிவப்பும் கறுப்புமாகக் கரண்ட் ஓடும் தூரம் 5 மீட்டர். உள்ளே 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி இருந்தால் 150 ஆம்பியர் ஓடும்போது இழப்பு சுமார் 0.8 வோல்ட். தடிமனான ரப்பர் உறைக்குள் 6 சதுர மி.மீ. அலுமினியக் கம்பியை ஒளித்துவைத்த மலிவு கேபிளில் 3 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே போய்விடும். அந்தப் பக்கம் செல்ஃப் முனகும், கேபிள் சூடேறும், "உங்க வண்டி பேட்டரியும் வீக்கா சார்?" என்று உங்களிடமே கேட்பார்கள். அட்டைப்பெட்டியில் '1000 ஆம்ப்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கம்பியின் குறுக்களவு எத்தனை சதுர மி.மீ., செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடை. பெட்ரோல் காருக்கு 16, டீசலுக்கு 25 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். விலை மலிவு கேபிளைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கும். தரமான பொருள் அதற்குக் கீழே கிடைக்காது.

எந்த வண்டிக்குக் கொடுக்கலாம் என்பது அடுத்தது. இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். ஹைவேயில் நின்றுவிட்டால் லாரிக்காரரிடம் உதவி கேட்பது நம் ஊர் வழக்கம். பெரிய லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட். அந்தக் கேபிள் பட்ட மாத்திரத்தில் காரின் எலக்ட்ரானிக்ஸ் போயே போச்சு. சின்ன சரக்கு வண்டிகளில் 12 வோல்ட்தான் இருக்கும், இருந்தாலும் பேட்டரி மேல் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்களுடையது ஹைபிரிட்டோ மின்சாரக் காரோ என்றால் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு, ஆனால் அது இன்ஜினைச் சுற்ற வைக்கும் வேலைக்காக வைக்கப்பட்டதல்ல. பிறருக்கு ஜம்ப் கொடுக்கக் கூடாது என்று பல கம்பெனிக் கையேடுகளே சொல்கின்றன.

சின்ன காரிலிருந்து பெரிய டீசலுக்குக் கொடுப்பதையும் நான் தவிர்க்கவே சொல்வேன். டீசல் இன்ஜினின் அழுத்த விகிதம் பெட்ரோலைவிட மிக அதிகம், சுற்ற வைக்கப் பெரிய பலம் வேண்டும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி வைத்த ஹேட்ச்பேக் அதற்கு ஈடுகொடுக்கத் திணறும். வேறு கதியில்லை என்றால் கேபிளைப் போட்டுப் பத்து நிமிடம் உங்கள் இன்ஜினை ஓடவிட்டு, அந்தப் பேட்டரி கொஞ்சம் உயிர் பெற்ற பிறகே செல்ஃப் போடச் சொல்லுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் கண்டு கசிந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ தொடவே வேண்டாம். நேரே வழி 4.

இனி வரிசை. இதில் மட்டும் சொந்த மூளைக்கு வேலை கொடுக்காதீர்கள்.

1. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று உரசக் கூடாது. இரண்டிலும் ஹேண்ட்பிரேக், நியூட்ரல் அல்லது பி, எல்லா விளக்கும் ஏசியும் ஆஃப், இன்ஜின் ஆஃப். சாவி இரண்டும் கையில் இருக்கட்டும். கரண்ட் திரும்பும்போது சில வண்டிகள் தாமாகவே லாக் ஆகிவிடும்.
2. சிவப்பு கிளிப், டவுன் ஆன பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. சிவப்பின் மறுமுனை, உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில்.
4. கறுப்பு கிளிப், உங்கள் பேட்டரியின் மைனஸில்.
5. கறுப்பின் மறுமுனை, டவுன் ஆன வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி.

கடைசிக் கிளிப்பைப் பேட்டரியிலேயே மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். கடைசியாகத் தொடும் இடத்தில் தீப்பொறி வரும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். அரிதாக நடப்பதுதான், ஆனால் கண் போனால் போனதுதான். குனிந்து பார்த்துக்கொண்டு மாட்டாதீர்கள்.

ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாகவே அணைந்து, கிளம்பும்போது தானாகவே ஸ்டார்ட் ஆகும்) வண்டிகளில் மைனஸ் டெர்மினலோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன சென்சார் டப்பா இருக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் நான்காவது படியில் டெர்மினலைக் கடிக்காமல், கையேடு காட்டும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் வண்டிகளுக்கு பானட்டுக்குள்ளேயே இதற்கென்று முனை வைத்திருப்பார்கள்.

மாட்டிய பிறகு உங்கள் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு அவர் செல்ஃப் போடட்டும்: ஒரு தடவைக்கு ஐந்து விநாடி, நடுவில் அரை நிமிட இடைவெளி. மூன்று முறையில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். நாலாவது, ஐந்தாவது என்று போவதில்தான் கேபிளும் ஆல்டர்னேட்டரும் சூடாகின்றன. செல்ஃப் போடும் நேரத்தில் உங்கள் இன்ஜின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. உங்கள் கையேடு சொல்வதே சட்டம். வண்டி பிடித்ததும் அதில் ப்ளோயரைப் போடச் சொல்லிவிட்டு, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கிளிப்பைப் பிடுங்கும்போது வோல்டேஜ் திடீரென்று எகிறினால் ப்ளோயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் பெரியது ஒன்றுதான்: பிளஸ்ஸும் மைனஸும் மாறுவது. மங்கலான பேஸ்மென்ட் வெளிச்சத்தில், தூசி படிந்த பேட்டரியில், இரண்டு முனையும் ஒரே கறுப்பாகத் தெரியும். மொபைல் டார்ச்சை அடித்துக் குறியைக் கண்ணால் பார்க்காமல் மாட்டினால் ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் டயோடு, இசியு எது வேண்டுமானாலும் போகலாம். அவர் மாட்டட்டும் என்று விடாதீர்கள். உங்கள் வண்டி, உங்கள் கேபிள், உங்கள் கை. பக்கத்தில் நிற்கும் மூன்று பேர் மூன்று யோசனை சொல்வார்கள்; காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

## வழி 2: ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய லித்தியம் பெட்டி. இன்னொரு வண்டியே தேவையில்லை, ஆகவே கொடுக்கிறவருக்கு ஆபத்து என்ற பேச்சே இல்லை. சுவரோரம் மாட்டிக்கொண்ட காருக்கும், தனியாக இரவுப் பயணம் போகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. நல்ல பெட்டிகளின் கிளிப்பில் ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கும். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் கீச்சென்று கத்துமே தவிர கரண்ட் விடாது.

பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பெட்டியால் அதை அடையாளம் காண முடியாமல் போகும். அப்போது 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு விலகிவிடும் பெட்டிகள் உண்டு, ஆகவே அழுத்தும் முன் கிளிப்பை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை நான்காயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை. மறைந்திருக்கும் செலவு வெயில். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். லித்தியம் பேட்டரிக்கு அது எமன். திறன் வேகமாகக் குறையும், உப்பும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வீட்டில் வைத்தால் தேவைப்படும் இடத்தில் இருக்காது. இந்த இக்கட்டுக்கு முழுத் தீர்வு இல்லை. பயணப் பையோடு எடுத்துப்போகிறவருக்கு வாங்கத் தகுந்தது, டேஷ்போர்டில் போட்டு மறந்துவிடுகிறவருக்கு வீண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடவும் வேண்டும். பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் 'பீக் ஆம்ப்' எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், எத்தனை லிட்டர் இன்ஜின் வரை என்று பாருங்கள். டீசலுக்குத் தனியாக ஓர் அளவு போட்டிருப்பார்கள்.

## வழி 3: தள்ளுவது

அம்பாசடரை நாலு பேர் தள்ளிக் கிளப்பிய காலத்து நினைவில் இன்னும் பலர் முதலில் கையை வைப்பது டிக்கியில்தான். மேனுவல் கியர், சாவி போட்டுத் திருப்பும் வண்டி, பேட்டரியில் டேஷ்போர்டு விளக்கு எரியும் அளவுக்காவது உயிர்: மூன்றும் இருந்தால் இன்றும் பலிக்கும். சாவி ஆன், கிளட்ச் அழுத்தி இரண்டாவது கியர், மெல்லோட்ட வேகம் வந்ததும் கிளட்சை விட்டு உடனே மிதிப்பது. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் ஃபியூவல் பம்ப்பும் இன்ஜெக்டரும் வேலை செய்யாது, தள்ளினவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

ஆட்டோமேட்டிக்கும் ஏ.எம்.டி.யும் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) இந்தக் கணக்கிலேயே வராது. பெட்ரோல் வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைப் பாழாக்கும். பேஸ்மென்ட் ராம்ப்பில் தள்ளிவிட்டு இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கீழே யாராவது நடந்து வந்துகொண்டிருப்பார்கள்.

## வழி 4: ஆளைக் கூப்பிடுவது

பலருக்கு இது ஏற்கெனவே காசு கட்டி வாங்கியிருக்கும் சேவை என்பதே தெரியாது. புது கார்களோடு சில ஆண்டுகளுக்குச் சாலை உதவி (ஆர்.எஸ்.ஏ.) வருகிறது; இன்ஷூரன்ஸிலும் சில நூறு ரூபாய் கூடுதல் பிரீமியத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கும்போது "பாலிசில ஆர்.எஸ்.ஏ. இருக்கா பாத்தீங்களா?" என்று கேட்பது உதவியைத் தட்டிக் கழிப்பதாகாது. ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பையும், வரும் ஆள் ஜம்ப் மட்டும் கொடுப்பார், புது பேட்டரிக்குத் தனிக் காசு என்பதையும் சொல்லிவிடுங்கள். காத்திருப்பு நகரத்தில் ஒரு மணி நேரம் ஆகும், மழை நாளில் அதற்கும் மேலே. பேஸ்மென்ட்டில் சிக்னல் இருக்காது, ஆகவே மேலே வந்து போன் செய்து, லொகேஷனை அனுப்பிவிட்டு கேட் வாட்ச்மேனிடமும் சொல்லிவைப்பது நல்லது.

இதற்கு உள்ளூர் மாற்று, வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித் தரும் கடை. பேட்டரிக்கு மூன்று நான்கு வயதாகிவிட்டால், மற்ற மூன்று வழியையும் விட்டுவிட்டு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மாதமும் லாபக் கணக்கு. பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்குரிய ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. வகைதான் போட வேண்டும். "சாதா பேட்டரி போதும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | கேபிள் | பெட்டி | தள்ளுவது | ஆளைக் கூப்பிடுவது |
|---|---|---|---|---|
| உங்கள் வண்டிக்கு ஆபத்து | உண்டு, வரிசை தவறினால் பெரிது | இல்லை | இல்லை | இல்லை |
| நேரம் | 15 நிமிடம் | 5 முதல் 10 நிமிடம் | பலித்தால் 5 நிமிடம் | 1 மணி நேரமும் மேலும் |
| தேவை | நல்ல கேபிள், பக்கத்தில் 12 வோல்ட் வண்டி | சார்ஜ் உள்ள பெட்டி | மேனுவல் கியர், இடம், ஆட்கள் | பாலிசி, சிக்னல் |
| மறைமுகச் செலவு | ஆல்டர்னேட்டர், இசியு | வெயிலில் கெடும் | கன்வர்ட்டர், முதுகு | பாதி நாள் |
| பொருந்தும் இடம் | ஒரே அளவு பெட்ரோல் கார்கள் | தனிப் பயணம், நெருக்கடியான பார்க்கிங் | பழைய மேனுவல் வண்டி, சமதளம் | வயதான பேட்டரி, வெள்ளம், ஹைபிரிட் |

என் சாய்வைக் கேட்டால்: பார்க்கிங்கில் பக்கத்துக் கார் உங்களுடையதைப் போன்ற பெட்ரோல் கார், விளக்கை அணைக்க மறந்ததால் டவுன் ஆனது என்றால், தயங்காமல் கேபிள் போடுங்கள். இரண்டு ஹெட்லைட்டும் பின் விளக்குகளும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் காலி. பேட்டரியில் கோளாறு இல்லை, வெறும் மறதி. ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தவர் வண்டியும் அப்படித்தான். நிறுத்திவைத்த வண்டியின் அலாரமும் கடிகாரமும் டேஷ்கேமும் 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போய்விடும். 2020 ஊரடங்கில் தெருவுக்குத் தெரு கார்கள் படுத்தது இந்தக் கணக்கால்தான். ஆனால் "போன வாரம்கூட ஒருத்தர் ஜம்ப் கொடுத்தார்" என்று அவர் சொன்னால் கேபிளை டிக்கியிலேயே விட்டுவிட்டு பேட்டரிக் கடை நம்பரைக் கொடுங்கள். உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரி, உங்கள் ஆல்டர்னேட்டரிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டே இருக்கும்.

சார்ஜர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 4 ஆம்பியர் தானியங்கி சார்ஜர் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை நிரப்ப ஏறக்குறைய பத்து மணி நேரம் எடுக்கும். வாரக்கணக்கில் வண்டி எடுக்காதவர்களுக்கு இதுவே சரியான முதலீடு. பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, அசோசியேஷன் விடுமா என்பது தனிப் பஞ்சாயத்து.

எந்த வழியில் கிளம்பினாலும், வண்டி பிடித்ததும் அவர் நேரே ஆபீஸ் வாசலில் போய் ஆஃப் செய்தால் சாயங்காலம் மறுபடி அதே கதை. அரை மணி நேர ஓட்டத்தில் மறுபடி ஒருமுறை ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு ஏறலாம், நிரம்பாது. முழுதாக ஏற மணிக்கணக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் சார்ஜரில் போட வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12-ஐச் சுற்றியே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம், புது பேட்டரி வாங்கியும் பிரயோஜனமில்லை. இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6 இருந்தால் பேட்டரி நலம், 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12-க்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே கடைக்குப் போய் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பேட்டரியைச் சோதிப்பது) எடுத்துவிட வேண்டியதுதான். வாரண்டி அட்டையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.